சம்பந்தியம்மாவின் ஊதாத் தகடு

எங்கள் குலாஸ் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு விருந்து. அதில் வறுத்துப் போடுகிற மீன் மிசிசிப்பி ஆற்றில் கிடைக்கிற வால்ஐ என்கிற ரகமாகத்தான் இருக்க வேண்டும். அதையும் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நின்று, வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்துவர வேண்டும். சட்டியிலிருந்து எடுத்த முதல் துண்டை அவர் தின்று தலையாட்டின பிறகுதான் மற்றவர்கள் தட்டை நீட்டலாம். இதை யார் ஆரம்பித்தார்கள், எதற்கு ஆரம்பித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒரே ஒருவர்தான் இதில் கோட்டைவிட்டார். கிளாரன்ஸ் சித்தப்பா. மகன் லெராய் கல்யாணத்துக்கு ஆற்றில் மீன் அகப்படவில்லை. மனிதர் பேசாமல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் உறைந்துபோன கனடா மீனைக் கட்டி கட்டியாக வாங்கி வந்து, ஆற்று மீன் என்று பரிமாறிவிட்டார். முதல் வாயிலேயே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு விழுந்த பெயர் 'ஃப்ரீசர் கிளாரன்ஸ்'. அவர் தீயணைப்புப் படையில் இருந்து எத்தனை வீட்டைக் காப்பாற்றினார், தேவாலயக் கூரையை எப்படி முன்னால் நின்று மாற்றினார், எதுவும் யாருக்கும் நினைவில்லை. அவர் சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூடப் பின்னாலிருந்த ஒருத்தன், "ஃப்ரீசர் கனம்தான்" என்றான். தேவாலயத்து வாசலில் வைத்து நானும் சிரித்தேன்.

என் பெயர் பெர்னிஸ். படகுத்துறைக்கு மேலே தூண்டில் இரை விற்கிற கடை என்னுடையது. அட்டை, மண்புழு, பொடிமீன், காலையில் காப்பி, ஊர் வம்பு எல்லாம் கிடைக்கும். மேலே சொன்ன வழக்கத்தில் இந்தத் தடவை மாட்டிக்கொண்டவன் என் அண்ணன் நார்பர்ட். அவன் மகன் டாரினுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்னசோட்டாக்காரப் பெண் கிர்ஸ்டனை நிச்சயம் செய்திருந்தார்கள். ஜூலைக் கடைசியில் கல்யாணம்.

மாட்டிக்கொண்டது ஈஸ்டர் சாப்பாட்டில். பெண்ணின் அம்மா மார்லிஸ் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அதிகம் பேசாதவள். அண்ணன் வழக்கம் போலப் எங்கள் கரைக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் பச்சை-மஞ்சள் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் குடும்ப வழக்கத்தைத் தாத்தா காலத்திலிருந்து விஸ்தாரமாகச் சொன்னான். அந்தம்மா உருளைக்கிழங்கைத் தட்டில் நறுக்கிக்கொண்டே, ஜூலைக் கடைசியில் ஆற்று ஈசல் கிளம்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"பூச்சிக்குப் பயந்தவன் ஆத்தங்கரையில குடியிருக்க முடியுமா சம்பந்தி?" என்றான் அண்ணன். "கடை மீன் ஒரு துண்டு தட்டுல விழுந்தா, என்னையும் ஃப்ரீசர் நார்பர்ட்டுன்னு கூப்பிடுங்க. போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எங்கள் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கல்யாண வாரம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், சொல்லி வைத்த மாதிரி, ஆற்று ஈசல் கிளம்பியது. பாலத்து விளக்குக் கம்பமெல்லாம் பூச்சி அடை அடையாக அப்பிக் கிடந்தது. பனிக்காலத்தில் பனி தள்ளுகிற வண்டியைக் கொண்டுவந்து பாலத்தில் பூச்சியைத் தள்ளினார்கள். என் கடைக் கண்ணாடியில் வெளியே என்ன தெரிகிறது என்றே தெரியவில்லை. மனுஷனுக்கு இது தொல்லை. மீனுக்குக் கல்யாண வீடு. வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தால் போதும், சாப்பாடு தானாக வந்து விழும். அப்படிப்பட்ட மீன் முன்னால் என் அட்டையைக் கொண்டுபோய் ஆட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

அண்ணன் விடியும் முன்னே போவான், வெயில் ஏறினதும் வெறுங்கையோடு திரும்புவான். வால்ஐக்குக் கண் பளிங்கு மாதிரி. வெயில் பட்டால் கூசி, ஆழத்தில் போய்ப் படுத்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுதான், என் கடைக்கு வருகிற அத்தனை பேர் நம்பிக்கையும் அதுதான். ஆகவே வெயில் ஏறினால் எல்லாரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து காப்பி குடித்துப் பொய் சொல்வார்கள். அந்த வாரம் பொய் சொல்லக்கூட அண்ணனுக்குத் தெம்பில்லை.

அவனுக்கென்று ரகசிய இடம் ஒன்று உண்டு. கப்பல் போகும் வழி ஆழமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் கிடக்கிற இந்தக் கல்வரிசைகளில்தான் கோடையில் வால்ஐ ஒதுங்கும். எல்லாருக்கும் தெரிந்த கல்வரிசைகள் நிறைய; யாருக்கும் தெரியாதது ஒன்று, அது அண்ணனுடையது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றுவழியில் போவான். அண்ணி வெர்னாவிடம்கூடச் சொன்னதில்லை. அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி, அண்ணன் வீட்டில் இல்லை என்று நினைத்து, மீன் கடைக்குப் போன் செய்து உறைந்த மீன் இருக்கிறதா என்று விசாரித்தாள். அவன் பின்வாசலில் நின்று கேட்டுவிட்டான். கத்தியிருந்தால் எனக்குப் பயமில்லை. அவன் கத்தவில்லை. கார் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்து அவனை வம்புக்கு இழுத்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த ஒரு பெயரை மட்டும் அவன் மேல் யாரையும் ஒட்டவிடக் கூடாது என்று இருந்தது.

புதன்கிழமை காலையில் மார்லிஸ் என் கடைக்கு வந்தாள். அட்டைத் தொட்டியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவை எடுத்து மேஜை மேல் திறந்து வைத்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு உலோகத் தகடுகள். மீன் வடிவில் வெட்டி, வயிற்றில் ஈயம் வைத்து, அடியில் முள் மாட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் நகப்பூச்சில் ஊதா நிறம் அடித்து, பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள் பெயின்டில் கண் வைத்திருந்தாள். ஊதாவும் மஞ்சளும் அந்தக் கரையின் எதிரணியான வைக்கிங்ஸ் நிறம். எங்கள் கடையில் அந்த நிறத்தில் ஒரு துடைப்பம்கூட வைப்பதில்லை.

"இத வெச்சு மீன் பிடிக்கலாம்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தகடு பனி உருகற காலத்துச் சரக்கு சம்பந்தியம்மா. ஏப்ரலோட நான் அதைப் பெட்டியில கட்டி மேல போட்டுருவேன். கோடையில யாரும் தொட மாட்டாங்க," என்றேன். இரை விற்கிறவளிடமே வந்து இரை வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது.

"குளுந்த தண்ணியில மெதுவா ஆட்டணும். கோடையில வேகமா ஆட்டணும். அவ்வளவுதான் வித்தியாசம்," என்றாள் மார்லிஸ். "இப்ப மீனுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. சாப்பிடக் கூப்பிட்டா வராது. மூஞ்சிக்கு முன்னால படபடன்னு எதையாவது ஆட்டி வம்புக்கு இழுத்தா, கோவத்துல வந்து கடிக்கும்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். டப்பாவைப் பார்த்தான், நிறத்தைப் பார்த்தான், அவன் முகம் ஏற்கெனவே இருந்ததைவிடக் கோணியது. கோடையில் அட்டையும் புழுவும்தான், எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்றான்.

"மீனுக்கும் உங்க தாத்தாவைத் தெரியுமா சம்பந்தி?" என்று மார்லிஸ் அமைதியாகக் கேட்டாள்.

அவள் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பெர்னிஸ், பெரிய ஃப்ரீசர் பொட்டி எங்க கெடைக்கும்? கல்யாணப் பரிசு இன்னும் வாங்கல. மாப்பிள்ளைக்கு இல்ல, மாப்பிள்ளையோட அப்பாவுக்கு."

அண்ணன் கழுத்து சிவந்தது. நாளைக்குப் படகுத்துறைக்கு வாருங்கள், உங்கள் தகட்டைப் பார்த்து மீன் சிரிக்கிறதை நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். மார்லிஸ் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சற்று முன் அவள் மீனைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது.

வியாழக்கிழமை நானும் கடையைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறினேன். கைவலை பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இரண்டு பேரையும் ஒரே படகில் தனியாக விட எனக்குத் தைரியமில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. தண்ணீர் மேல் செத்த பூச்சி சாம்பல் மாதிரி மிதந்து போயிற்று.

எல்லாருக்கும் தெரிந்த கல்வரிசை ஒன்றில் முதலில் நங்கூரம் போட்டான். ஒன்றும் இல்லை. அடுத்ததற்குப் போனோம். அங்கேயும் இல்லை. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பார்த்தீர்களா, தகடும் கடிபடவில்லை என்று அவன் முகம் சொல்லிக்கொண்டிருந்தது. மார்லிஸ் தூண்டில் நரம்பைச் சுற்றினாள். "இங்க மீன் இல்லாதப்ப எதைப் போட்டா என்ன? மீன் இருக்கற எடத்துக்குப் போங்க சம்பந்தி."

விருந்துக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி. கடைசியில் அண்ணன், தன் ரகசிய இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று எங்கள் இரண்டு பேரையும் சத்தியம் செய்யச் சொன்னான். நான் சிலுவை போட்டுக்கொண்டு செய்தேன். மார்லிஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவள். லூத்தரன் சத்தியம் கத்தோலிக்கப் படகில் செல்லுமா என்று கேட்டாள். செல்லும், வேறு வழியில்லை என்றான் அவன்.

சுற்றுவழியில் கொண்டுபோனான். ஒரு தீவுக்குப் பின்னால் போய், மறுபடி வெளியே வந்து, கோரைக்குள் நுழைந்து, பட்டுப்போன பெரிய மரம் ஒன்று சாய்ந்து நிற்கிற கரைக்கு எதிரே நிறுத்தினான். நங்கூரம் இறங்கினதும், கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே மார்லிஸ் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் அதைக் கவனித்தேன். அண்ணன் கவனிக்கவில்லை.

அவள் தகட்டைக் கட்டி வீசினாள். அடியில் போய்க் கல்லைத் தொடும்வரை விட்டாள். தூண்டில் கோலின் நுனியைச் சடக்கென்று கொஞ்சம் தூக்கினாள். தகடு அடியில் படபடவென்று துடிப்பது கோல் நுனியிலேயே தெரிந்தது. உடனே விழவிட்டாள். தூக்கும்போது கடிக்காது, விழும்போதுதான் கடிக்கும், அதனால் நரம்பைத் தொய்யவும் விடாதீர்கள், இழுத்துப் பிடிக்கவும் செய்யாதீர்கள் என்றாள். இத்தனையும் கேட்டுக்கொண்டு அண்ணன், வைக்கோல் போரைக் குத்தித் தூக்குகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தான். நேராகப் போய்க் கல்லில் மாட்டிக்கொண்டது.

கல்வரிசை தகடு தின்பதில் பெரிய ஆள். அண்ணன் இந்தப் பக்கம் ஆட்டினான், அந்தப் பக்கம் ஆட்டினான், நரம்பைக் கையில் சுற்றி இழுத்தான். திடீரென்று விட்டுக்கொடுத்தது. மேலே வந்ததில் அவன் தகடு இருந்தது. அதோடு பாசி பிடித்த பழைய நரம்புச் சிக்கல் ஒரு கைப்பிடி. அந்தச் சிக்கலுக்குள் இன்னொரு தகடு. அவன் கட்டைவிரலால் பாசியைத் தேய்த்தான். ஊதா நிறம் தெரிந்தது. இன்னும் தேய்த்தான். பள்ளிக்கூட பஸ் மஞ்சளில் ஒரு கண் அவனைப் பார்த்தது.

மார்லிஸ் கையை நீட்டினாள்.

"போன வருஷம் செப்டம்பர்ல போனது. நல்லா வேலை செஞ்ச தகடு அது," என்றாள்.

அண்ணன் கொடுக்கவில்லை. "இது எப்பிடி இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். காலையில பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல எறக்கிட்டு நேரா இங்கதான் வருவேன். நீங்க காப்பி குடிக்கக் கெளம்பற நேரம். அந்தத் தீவுக்குப் பின்னால நின்னுக்குவேன். உங்க படகுச் சத்தம் ஓஞ்சதும் வந்து நங்கூரம் போடுவேன்."

"எத்தனை நாளா?"

"கிர்ஸ்டனுக்குப் பால் பல்லு விழுந்த காலத்துலேருந்து. அப்ப நீங்க யாருன்னு தெரியாது. பச்சைத் தொப்பிக்காரர்னு மட்டும் தெரியும். ஈஸ்டருக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பதான் தொப்பிக்குக் கீழ இருக்கற மூஞ்சியப் பாத்தேன்." சற்று நிறுத்தி, "ஆத்துத் தண்ணி டீ மாதிரி இருக்கு சம்பந்தி. அடியில இருக்கறதுக்கு எங்க வெயில் தெரியப் போகுது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைவலையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். வலையில் சிரிப்பு மறையாது என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவன் யார் கண்ணிலும் படாமல் சுற்றிச் சுற்றி வந்து காத்த இடத்தில், அவன் எழுந்த சூடு ஆறும் முன்னே ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். மீனைச் சாப்பிடப் பழக்கிவிட்டு இவன் போவான், சாப்பிட்ட மீனை வம்புக்கு இழுத்து அவள் கொண்டுபோவாள். வெயில் ஏறினால் கிளம்பிவிட வேண்டும் என்கிற எங்கள் ஊர் நம்பிக்கைதான் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

அண்ணன் எழுந்து போய் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். வீட்டுக்குப் போகலாம், விருந்துக்குக் கோழி போட்டுக்கொள்ளலாம் என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது.

"உக்காருண்ணே," என்றேன். "எடம் போனா போகட்டும். பேரு போனா திரும்பி வராது. கிளாரன்ஸ் சித்தப்பாவப் பொட்டியில வெச்சுத் தூக்கறப்பகூட விடல நம்ம ஆளுங்க. ஒன்னைய விடுவாங்கன்னு நெனைக்கிறியா? நானே விட மாட்டேன்."

அவன் கயிற்றை விட்டான். உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் கோலை எடுத்து, அந்தப் பழைய ஊதாத் தகட்டையே கட்டி, ஆற்றின் மேலேயே கோபம் போல வீசினான். அடியைத் தொட்டதும் சடக்கென்று ஒரு வெட்டு வெட்டி விட்டான். அந்த வெட்டில் கோபம் அளவாக இருந்தது. தகடு விழுகிற வழியிலேயே நரம்பு நின்றது. கோல் வளைந்தது.

"இப்பதான் சரியா இழுத்தீங்க," என்றாள் மார்லிஸ்.

நான் வலையை விட்டுக் கோரினேன். பொன் நிறத்தில், பளிங்குக் கண்ணோடு, வயிறு புடைக்கத் தின்ற வால்ஐ. வாயோரத்தில் இன்னும் பூச்சி இறக்கை ஒட்டியிருந்தது. பசி என்று அதை யாரும் சொல்ல முடியாது. அப்புறம் நிற்கவில்லை. அண்ணன் போட்டால் கடித்தது, மார்லிஸ் போட்டால் கடித்தது, இரை விற்கிற பெர்னிஸ் வெட்கத்தை விட்டு ஒரு தகடு கேட்டு வாங்கிப் போட்டாள், அவளுக்கும் கடித்தது. உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் ஊர் நம்பிக்கை முழுவதும் ஐஸ் பெட்டிக்குள் போய்ப் படுத்தது.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கு இத்தனை மீன்தான். ஒருத்தர் கணக்கில் இன்னொருத்தர் பிடிக்கக் கூடாது. மூன்று பேர் கணக்கும் முடிந்துவிட்டது. அதிலும் மார்லிஸ் பிடித்தது பெண் வீட்டு மீன், நம் கணக்கில் வராது. விருந்துக்கு வருகிற கூட்டத்துக்கு இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இன்னும் ஆள் வேண்டும். அதாவது அண்ணன் தன் மச்சான்களுக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் போன் போட்டு, இந்த இடத்துக்கு வழி சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருத்தனுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரியும்.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ந்த மரத்தைப் பார்த்தான். அப்புறம் மார்லிஸைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்களுக்கும் போயிருமே சம்பந்தி."

"போகட்டும். சீக்கிரம் போன் போடுங்க," என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவளும் ஒரு தடவை அந்த மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் போட்டான். சுற்றுவழி ஒன்றும் சொல்லவில்லை, நேர்வழியையே சொன்னான். முதலில் வந்து சேர்ந்தது லெராய், ஃப்ரீசர் கிளாரன்ஸின் மகன். வருகிற வழியில் என் கடைக்குப் போய், கதவுக்கு மேலே இருக்கிற சாவியை எடுத்து, பனி உருகுகிற காலத்துத் தகடு என்று நானே கட்டிவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவனுக்குப் பின்னால் படகு படகாக வந்தார்கள். எல்லாரும் கேலியாகத்தான் வந்தார்கள். முதல் மீன் ஏறினதும் கேலி நின்றது. மார்லிஸ் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில், "தூக்கு, விடு. ஏய் சிவப்புத் தொப்பி, அவ்வளவு ஒசக்கத் தூக்காத," என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். லெராய் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. தன் கணக்கின் கடைசி மீன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் அப்பாவுக்காகத்தான் பிடித்தான் என்று எனக்குத் தோன்றியது, தேவாலய வாசலில் நான் சிரித்தது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆற்றோரப் பூங்காக் கொட்டகையில் விருந்து. பீர் ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்து மீனை எண்ணெயில் போட்டார்கள். முட்டைக்கோஸ் பச்சடி, ரை ரொட்டி, உருளைக்கிழங்கு அடை, பெரியவர்களுக்குப் பிராந்தி. மார்லிஸ் பிடித்த மீன் பெண் வீட்டு மீன் என்பதால் தனிச் சட்டியில் வறுத்தார்கள். எங்கள் ஆட்கள் ரகசியமாகப் போய் அந்தச் சட்டியில்தான் ருசி அதிகம் என்று சொல்லி வாங்கித் தின்றதை நானே பார்த்தேன். ஒரே ஆறு, ஒரே கல், ஒரே எண்ணெய்.

முதல் துண்டு தட்டில் வந்தது. அண்ணன் சலவைச் சட்டையில் எழுந்து நின்றான். தட்டைக் கையில் வாங்கினான். தின்னவில்லை. மேஜைகளைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், அதை மார்லிஸ் முன்னால் வைத்தான். எங்கள் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை. அண்ணி வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன் எங்க ஆளுங்க பிடிச்சது," என்றான் அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி. "பிடிச்சது சம்பந்தியம்மா தகட்டுல, சம்பந்தியம்மா எடத்துல. அவங்க சொல்லாம யாரும் சாப்பிடக் கூடாது."

மார்லிஸ் முகம் சிவந்துபோயிற்று. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றாள். கிர்ஸ்டன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாரின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள். பிறகு தலையாட்டினாள். அத்தனை தட்டும் ஒரே நேரத்தில் நீண்டது.

சாப்பாடெல்லாம் ஓய்ந்து, சின்னவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணன் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அந்த ஊதாத் தகட்டை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். துரு போகத் தேய்த்து, புது முள் மாட்டியிருந்தான். நகப்பூச்சு உதிர்ந்த இடத்தில் ஊதா அடித்துக்கூட வைத்திருந்தான். அண்ணியிடம் அந்த நிறம் கிடையாது. பேக்கர்ஸ் சட்டைக்காரன் எந்தக் கடையில் போய், என்ன சொல்லி அதை வாங்கினான் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஒண்ணு கேக்கணும் சம்பந்தி," என்றான். "இனிமே வெயில் ஏறினதும் நான் கெளம்பிறணுமா?"

மார்லிஸ் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருங்க," என்றாள். "காப்பிய ஃபிளாஸ்க்குல கொண்டு வந்துருங்க. எனக்கும் சேத்து."

கல்யாணம் சனிக்கிழமை நன்றாக நடந்தது. திங்கட்கிழமை விடியும் முன்னே அண்ணன் என் கடைக்கு வந்து, பெரிய ஃபிளாஸ்க் ஒன்றை நீட்டி நிரப்பச் சொன்னான். வெயில் ஏறினதும் எல்லாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவன் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அன்றைக்கு அவன் என்னிடம் ஒரு அட்டைகூட வாங்கவில்லை.